எர்த் ராடு வரும்வரை

போன மாதம் எங்கள் பழைய மின்வாரியச் செக்சன் ஆபீசில் பாதுகாப்பு வகுப்பு நடத்துகிறோம், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார்கள். பென்ஷன் வாங்குகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்றேன். டீயும் பஜ்ஜியும் உண்டு என்றார்கள். சரி என்று போனேன்.

இப்போது அங்கே எல்லாமே செல்போனில் நடக்கிறது. லைனில் வேலை என்றால் எர்த் ராடு மாட்டிய படம், பெல்ட் போட்ட படம், கையுறை போட்ட படம் எல்லாம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். மேலேயிருந்து சரி என்று வந்த பிறகுதான் கம்பத்தில் கால் வைக்கலாம். வகுப்பில் இருந்த லைன்மேன் ஒருவன் எழுந்து என்னைப் பார்த்துப் பொரிந்து தள்ளினான். "அரை மணி நேர வேலைக்கு முக்கால் மணி நேரம் சும்மா நிக்கறமுங்க. அதுக்குள்ள சனம் எங்களைத் தின்னு போடுது. உங்க காலத்துல இந்தத் தொந்தரவெல்லாம் இல்லீங்களே?"

"இருந்துச்சுப்பா. ஒருக்கா ஒன்றரை மணி நேரம் வேலையே நின்னுது" என்றேன். அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டவர்கள் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்கு வந்தபோது கம்பம் நடக் குழி வெட்டினேன். தினக்கூலி. பிறகு ஹெல்ப்பர், வயர்மேன், லைன்மேன், கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர். என் படிப்பு அவ்வளவுதான். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் நான் ஏறாத கம்பம் குறைவு. ஆனால் பொறுமை என்பது மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் வாய்க்கவில்லை. பஸ் ஐந்து நிமிடம் நின்றால் கண்டக்டரோடு சண்டை. டீ வரத் தாமதமானால் கடையை விட்டு எழுந்துவிடுவேன். தினமும் காலையில் ஆபீஸ் வாசல் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுவேன். காட்டிவிட்டால் அன்றைய பொறுப்பு முழுக்க அவர் தலையில் என்று எண்ணம். பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது சோம்பல்தான்.

எர்த் ராடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மின்சாரம் தாங்காத நீளக் கழி ஒன்று. நுனியில் கொக்கி. கொக்கியிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்று கீழே வரும். தரையில் இரும்பு முளை அடித்து, முதலில் அந்தச் செம்புக் கம்பியை முளையில் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொக்கியை மேலே லைனில் மாட்ட வேண்டும். வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். எங்கிருந்தாவது தப்பித் தவறி கரண்ட் வந்தால் அது ஆளைத் தொடாமல் ராடு வழியாக மண்ணுக்குள் போய்விடும். சப்ஸ்டேஷனில் ஆஃப் செய்து, லைன் கிளியர் என்று நம்பர் கொடுத்து, நோட்டில் மணி எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், ராடு மாட்டாமல் ஏறக் கூடாது. இதை நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்தவன்தான் மீறினேன்.

அப்போது எங்கள் செக்சனுக்கு உதவிப் பொறியாளராக வந்தவர் கலைவாணி மேடம். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வயது முப்பது இருக்காது. சத்தம் போட மாட்டார். திட்ட மாட்டார். ஒரே கேள்வியை, பதில் வரும்வரை, அதே குரலில் திரும்பத் திரும்பக் கேட்பார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். கையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருப்பார். எது நடந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதிக்கொள்வார். 'ராடு மேடம்' என்று அவருக்குப் பின்னால் பேர் வைத்தவனும் நான்தான்.

அன்றைக்குப் புதன்கிழமை, நல்ல சித்திரை வெயில். முந்தின நாள் ராசிபுரம் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் தேர். எங்கள் பக்கம் தேர் ஓடினால், போகிற வழியில் குறுக்கே இருக்கிற கம்பியையெல்லாம் அவிழ்த்து இறக்கி, தேர் தாண்டியதும் திரும்பக் கட்ட வேண்டும். தேர் நிலைக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் எனக்கு மாலை போட்டார்கள், தூக்குச் சட்டியில் பொங்கல் கொடுத்தார்கள். மாலையையும் பொங்கலையும் ஞாபகமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எர்த் ராடைக் கோயில் சாமான் அறையிலேயே விட்டுவிட்டேன். செக்சனில் இருந்த இன்னொரு செட்டின் செம்புக் கம்பி அறுந்து கிடந்தது.

தேர் ஓடிய அன்று இரவே பெருங்காற்று. சேந்தமங்கலம் போகிற ரோட்டோரம் குப்பண்ணன் என்பவருடைய கோழிப்பண்ணைக்குத் தனியாக ஒரு பதினோராயிரம் வோல்ட் கிளை லைன் பிரிகிறது. அது பிரிகிற கம்பத்தில் மரக்கிளை விழுந்து, கிளை லைனை மெயின் லைனோடு இணைக்கிற மூன்று ஜம்பர் கம்பியும் பிய்ந்து தொங்கின. புதன் காலையில் நானும் வயர்மேன் முருகேசனும் ஆளுக்கொரு பைக்கில் போனோம். முருகேசன் என்னோடு எட்டு வருடம் வேலை செய்தவன். கம்பம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

பதினொன்றரைக்கு லைன் கிளியர் வாங்கிவிட்டேன். குப்பண்ணன் பைக்கில் வந்து நின்று குதித்தார். "ஏனுங்க லைன்மேன், கோழி பூராவும் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க. தண்ணி மோட்டார் ஓடல. இன்னும் அரை மணி நேரம் போனா அள்ளிக் குழியிலதானுங்க போடோணும்."

"ஊட்டுக்குப் போங்க, இதா வந்துரும்" என்று அவரை அனுப்பிவிட்டு வண்டியில் தேடினால் ராடு இல்லை. அப்போதுதான் கோயில் ஞாபகம் வந்தது. போய் எடுத்து வர ஒரு மணி நேரமாகும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு பக்கம் கோழி, ஒரு பக்கம் என் அவசர புத்தி.

முருகேசன் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "ராடுங்ணா?" என்றான்.

மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற கம்பத்தைக் கைகாட்டி, "அந்தப் பக்கம் மாட்டியாச்சு. நீ ஏறு" என்றேன்.

இதைத்தான் நான் செய்தேன். எழுதும்போதும் கை கூசுகிறது.

அவன் கம்பத்தில் ஒரு கால் வைத்திருப்பான். ரோட்டில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மேடம். அன்றைக்கு அவர் நாமக்கல்லில் ஒரு மீட்டிங்கில் இருந்திருக்க வேண்டியவர். காலையில் போய் ஒரு மணி நேரம் காத்திருந்து, பெரிய அதிகாரி வரவில்லை, மீட்டிங் ரத்து என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் கடுப்போடு திரும்புகிற வழியில் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ராடு எங்க?"

"சப்ஸ்டேஷன்லயே ஆஃப் பண்ணி எர்த் பண்ணியாச்சுங்க மேடம். நம்பரும் வாங்கியாச்சு."

"சரி. ராடு எங்க?"

"அரை மணி நேர வேலைதானுங்க. பண்ணைக்காரரு வந்து தையா தக்கான்னு குதிக்கறாருங்க."

"குதிக்கட்டும். ராடு எங்க?"

"கோயில்ல உட்டுட்டு வந்துட்டனுங்க" என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "சாமி பாத்துக்கும்ங்க மேடம். இத்தனை வருசமா அவருதான் பாத்துக்கறாரு."

"ஆமா, உங்க ராடையும் அவர்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. போயி வாங்கிட்டு வாங்க" என்றார். முருகேசனைப் பார்த்து, "நீங்க இறங்குங்க. ராடு வர்ற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது" என்றார். மணியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். பதினொன்று நாற்பது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனேன். வழி முழுக்க மேடத்தையும், மீட்டிங்குக்கு வராத அந்த அதிகாரியையும் திட்டினேன். கோயிலுக்குப் போனால் சாமான் அறை பூட்டு. சாவி பூசாரியிடம். பூசாரி வீட்டில் போய்க் கேட்டால், "அவரு கெணத்துக்குக் குளிக்கப் போயிருக்காருங்க" என்றது அந்த அம்மாள். பூசாரி ஈரத் துண்டோடு ஆடி அசைந்து வந்தார். "அட, தேருக்குக் கம்பி எறக்குன நம்ம லைன்மேனுங்களா? இருங்க, உச்சிப் பூசைக்கு நேரமாச்சு, தீவாராதனை பாத்துட்டுப் போயிருவீங்களாமா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் சன்னதியில் நின்றேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். 'ஏன் தாயே, நேத்து உன்ற தேருக்கு வெயில்ல நின்னு கம்பி எறக்குனேன். இன்னைக்கு எனக்கு நீ செய்யற கைம்மாறு இதுதானா? ஒரு பூட்டைக்கூடத் தெறந்து வெக்க மாட்டியா?' என்று மனசுக்குள் கத்தினேன். அவள் மஞ்சள் பூசிய முகத்தோடு தீபாராதனையை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ராடுகளைப் பைக்கில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு புறப்பட்டு நாலு மைல் வந்திருப்பேன், பின் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டு போய்க் கடையைக் கண்டுபிடித்தால், அந்த ஆள் டியூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்து, "ரெண்டு எடத்துல போயிருக்குதுங்ணா" என்று சிரித்தான். நன்றாக நாலு வார்த்தை கேட்டேன் அவனை. பாவம், அவன் என்ன செய்வான்.

நான் திரும்பி வந்தபோது மணி ஒன்று பத்து. மேடம் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முருகேசன் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கம்பத்தடியில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். குப்பண்ணன் வந்து சத்தம் போட்டாரா என்று கேட்டேன். "நீங்க போனப்புறம் அவர் வரவே இல்ல" என்றார் மேடம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சுற்று வட்டாரத்தில் பண்ணைக்குப் பண்ணை ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் எங்கள் பக்கம் எப்போதும் கேட்கிற சத்தம்தான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மண் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றி முளை அடித்தேன். செம்புக் கம்பியை இறுக்கினேன். முதலில் மெயின் லைன் பக்கம் ராடுகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. 'பாத்தீங்களா, இதுக்குத்தான் இவ்வளவு அலைச்சலா' என்கிற மாதிரி மேடத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். அவர், "அந்தப் பக்கமும் மாட்டுங்க" என்றார்.

பண்ணைக்குப் போகிற கிளை லைன் பக்கம் கழியைத் தூக்கினேன். கொக்கி கம்பியைத் தொட இன்னும் விரற்கடை இருந்தது.

படார்!

நீலமாக ஒரு வெளிச்சம். கண் இருண்டுவிட்டது. காதில் ஒரே இரைச்சல், கருகிய நாற்றம். நான் மல்லாக்க விழுந்து கிடந்தேன். கண் தெளிந்து பார்த்தபோது ராடு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சோளக் காட்டுக்கு அந்தப்புறம் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ஒன்று திக்கித் திணறி நின்று போனது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், அது அவ்வளவு நேரமும் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு உறைத்தது.

முருகேசன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேடம் என்னைத் தூக்கிவிட்டு, கை காலைப் பார்த்தார். பிறகு பழக்கம்போல நோட்டை எடுத்து மணி எழுதப் பார்த்தார். ஒரு எண்ணை எழுதி அடித்தார், திரும்ப எழுதி அதையும் அடித்தார். மூடி வைத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் பண்ணையை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

குப்பண்ணன் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "என்னமோ தெரிலீங்க, நல்லா ஓடிட்டிருந்துச்சு, படக்குனு நின்னு போச்சுங்க" என்றார்.

விஷயம் இதுதான். ஜெனரேட்டர் போடும்போது வெளி லைனைத் துண்டித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் அவரிடம் போன மாதமே எரிந்துவிட்டது. புதிதாக மாற்றாமல், உள்ளூர் ஆள் ஒருவரை வைத்து நேராக ஒயரை இழுத்து இணைத்திருக்கிறார். ஜெனரேட்டர் போடுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று ஏற்பாடு. அன்றைக்குக் கோழி துடிக்கிற அவசரத்தில் மெயினை அணைக்க மறந்துவிட்டார். ஜெனரேட்டர் கரண்ட் பண்ணை டிரான்ஸ்ஃபார்மரில் பின்வழியாக ஏறி, பதினோராயிரம் வோல்ட்டாகி, நாங்கள் நின்றிருந்த கம்பத்துக்கே வந்துவிட்டது. சப்ஸ்டேஷனில் ஆஃப் செய்து என்ன பிரயோசனம்.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்டார் மேடம்.

"பன்னண்டு அடிச்சு அஞ்சு நிமிசம் இருக்குமுங்க. இதுல பேட்டரி இல்லீங்க. டிராக்டர் பேட்டரியக் கழட்டியாந்து மாட்டறதுக்கு அத்தனை நேரமாயிப்போச்சுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். பதினொன்று நாற்பதுக்கு முருகேசன் ஏறியிருந்தால் பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டாவது ஜம்பர் அவன் கையில் இருந்திருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால்தான் அவன் முடிச்சுப் போடுவான். பண்ணைச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன்.

குப்பண்ணனுக்கு விஷயம் புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சாமி, கோழியப் பாத்துட்டு மனுசனக் கொல்லப் பாத்தனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரைத் தேற்றினேன். அவரைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு ஏது? அவர் மறந்தார். நான் தெரிந்தே பொய் சொன்னேன்.

மெயினை அணைத்து, ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ராடுகளை முழுசாக மாட்டி, வேலையை முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. இந்தத் தடவை கம்பத்தில் நான் ஏறினேன். கோழிகளில் சில போய்விட்டன. குப்பண்ணன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மேடம் நடந்ததை நடந்தபடி மேலே எழுதினார். 'உங்களை வேற மாதிரி எழுதிக் காப்பாத்த முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு மெமோ வந்தது. தவறு என்னுடையது என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த வரியை எழுதியதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது.

அன்றைக்கு நான் யார் யாரையெல்லாம் திட்டினேன் என்று பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறேன். வராத அதிகாரி, மேடம், பூசாரி, பஞ்சர் கடைக்காரன், கடைசியில் அந்த மாரியம்மன். நான் சீக்கிரம் திரும்பி, பன்னிரண்டுக்கு முன்னால் ராடு மாட்டியிருந்தாலும் ராடு முருகேசனைக் காப்பாற்றியிருக்கும், அது வேறு விஷயம். ஆனால் மீட்டிங் நடந்திருந்தால் மேடம் அந்த ரோட்டில் வந்திருக்க மாட்டார். முருகேசன் ஏறியிருப்பான். சாமி செய்தது என்றுதான் நான் நம்புகிறேன். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு மறு வருடம் பக்கத்துச் செக்சனில் ஒரு வயர்மேன் கம்பத்திலேயே போய்விட்டார். என்னைவிட நல்லவர், அவரும் தினமும் சாமி கும்பிடுகிறவர்தான். அவரை வழிமறித்து நிறுத்த அன்றைக்கு யாரும் வரவில்லை. ஏன் என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. யாராவது தெரியும் என்று சொன்னால் நான் நம்பவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றிலிருந்து யாராவது என்னை நிறுத்தினால் நின்றுவிடுவேன். திட்டுவதில்லை.

அன்று சாயங்காலம் முருகேசனை நானே பைக்கில் அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவனைத் தனியாக வண்டி ஓட்டிப் போக விட எனக்கு மனசு வரவில்லை. பாதி வழியில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினேன். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"முருகேசா, ராடு மாட்டியாச்சுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியுமுங்ணா."

"மேடம் கேட்டப்பத்தான தெரிஞ்சுது?"

"இல்லீங்ணா. அப்பவே தெரியும். வண்டியில சாமான் ஏத்துனது நாந்தானுங்களே. ராடு இல்லீன்னு காத்தாலயே பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பறம் என்ன மயித்துக்குடா ஏறப் போன?" என்று கத்திவிட்டேன்.

"நீங்க சொன்னீங்களேங்ணா" என்றான்.

வண்டியை எடுத்தேன். எதிர்க்காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. அவன் பின்னால் இருந்ததால் பார்த்திருக்க மாட்டான்.

அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துமுன்னே அவன் மனைவி செல்வி வெளியே வந்துவிட்டது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. "ஏனுங்க, மணி என்னாச்சுன்னு தெரியுதுங்களா? ஒரு மணிக்கு வந்துருவேன், கறி காச்சி வையுன்னு சொல்லிட்டுப் போன மனுசன் இப்பத்தான் வர்றதுங்களா? புள்ள சாப்புடாம உங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து தூங்கியே போச்சு. சோறு ஆறிக் கல்லாக் கெடக்குது. ஊட்டுல ஒருத்தி இருக்கறான்னு நெனப்பே இல்ல உங்களுக்கு. அண்ணா, நீங்களாவது சொல்லப்படாதுங்களா? எந்நேரமும் இப்பிடியே லேட்டு, லேட்டு, லேட்டு!"

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். செல்வி மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. நான் பைக்கை அணைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.